சரிந்த படமும் சரியான பாகையும்

(இளைஞர் பகுதியினரின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கணினியைப் பற்றி ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, செயற்கை நுண்ணறிவைப் பற்றியோ அதுபோன்ற பெரிய விடயம் ஒன்றைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. கணினியிலே ஒரு படத்தை, அல்லது அப்படத்தின் ஒரு படலத்தை, வேண்டிய பாகைக்குச் சரியாகத் திருப்புவது எங்ஙனம் என்பதே அது. இதற்கும் ஒரு கூட்டமா என்று பின்வரிசையிலே யாரோ முணுமுணுப்பது கேட்கின்றது. கேள்வி நியாயமானதே. ஆயினும், இச்சிறிய விடயத்தில் நான் விட்ட பிழையினால் இரண்டு மனிதருடைய பெயர்கள் இல்லாமற் போயின. அதனாலேதான் இதனைப் பேச வந்தேன்.

நடந்ததை முதலிற் கூறிவிடுகின்றேன். ஆண்டு மலருக்குப் பழைய படங்கள் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம்முடைய பெட்டகத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். 1950களில் ஊர் வாசிகசாலை திறந்த நாளில் எடுத்த படம். இருபத்துமூன்று பேர், முன்வரிசையில் கதிரைகளில் எட்டுப் பேர், பின்னால் பதினைந்து பேர் நிற்கின்றனர். படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, அட்டையின் அடியிலே எல்லாருடைய பெயர்களும் சிறிய அச்செழுத்தில் இருந்தன. "தம்பி, ஒரு இரவுக்குத்தான். நாளைக்கு மகளோடை கனடாவுக்குப் போகுது" என்றார்.

நான் அவசரக்காரன். ஸ்கானர்க் கண்ணாடியில் அட்டையைச் சற்றுக் கோணலாக வைத்துவிட்டேன். கணினியில் திருப்பலாந்தானே என்ற துணிவு. வேகமாக முடியவேண்டுமென்று அங்குலத்துக்கு 150 புள்ளி போதுமென்றும் எண்ணிவிட்டேன். அன்றிரவு படத்தை இடப்புறமாக 2 பாகை திருப்பிச் சேமித்தேன். மறுநாட் பார்த்தால் மறுபக்கம் சரிந்திருந்தது. வலப்புறமாக ஒரு பாகை திருப்பிச் சேமித்தேன். பின்னர் அரைப் பாகை, பின்னர் காற்பாகை என்று ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அதே பெயரில், அதே கோப்பின்மேல், ஜேபெக் வடிவில். ஈற்றிலே வாசிகசாலைத் தூண்கள் நேராக நின்றன. பெருமிதத்தோடு அச்சுப்படி எடுத்துப் பெரியவரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆக்கள் எல்லாம் நேராய் நிக்கினம். கீழை இருந்த பேருகள் எங்கை?" என்று கேட்டார்.

பெயர்கள் இருந்த இடத்திலே சாம்பல் நிறக் கறையே இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்திருந்தன. கொம்பும் காலும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. கனடாவுக்குச் சொல்லி அனுப்பி மறுபடியும் ஒரு பிரதி கேட்கலாமென்று ஆறுதல் அடைந்தோம். விசாரித்தபோது, அங்கே படத்தைச் சட்டத்துள் அடக்குவதற்காக அட்டையின் அடிப்பகுதியை வெட்டிவிட்டனர் என்று தெரியவந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன என்றுதானே அவர்கள் எண்ணியிருப்பர்?

இது எதனால் நிகழ்ந்தது? கணினித் திரையிலே நாம் காணும் படம் பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு சதுரங்களால் ஆனது. தமிழிலே படப்புள்ளி என்போம். கணக்குக் கொப்பியின் கட்டங்களை ஒவ்வொரு நிறத்தால் நிரப்பினாற் போன்றதென்று கொள்ளுங்கள். கட்டத்துக்கு ஒரு நிறந்தான். அரைக்கட்டம் என்று ஒன்றில்லை. இப்பொழுது அக்கட்டங்களை 30 பாகை திருப்புவோம். நடுவிலிருந்து பத்தாவது கட்டத்தில் இருந்த நிறம், கணக்கின்படி 8.66 கட்டம் பக்கவாட்டிலும் 5 கட்டம் மேலே அல்லது கீழேயும் போய் நிற்கவேண்டும். 8.66 என்று ஒரு கட்டம் எங்கே உண்டு? எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலே அந்நிறம் தொங்குகின்றது.

ஆகையாற் கணினி மறுதலையாக வேலை செய்கின்றது. புதிய படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இது பழைய படத்தில் எவ்விடத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்று கணக்கிடுகின்றது. அவ்விடம் நான்கு கட்டங்களின் நடுவே விழுந்தால், நான்கின் நிறத்தையும் அண்மைக்கேற்ற விகிதத்திற் கலந்து ஒரு நிறம் செய்கின்றது. பதினாறு கட்டங்களைப் பார்த்துக் கலக்கும் முறையும் உண்டு. அது இதனிலும் கூர்மையான பயனைத் தரும். எம்முறையாயினும் கலப்புக் கலப்பே. கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும் கலந்தாற் சாம்பல். 150 புள்ளி அளவிலே, இரண்டு மில்லிமீற்றர் உயரமான எழுத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பன்னிரண்டு படப்புள்ளி. அவ்வெழுத்தின் ஒரு கோட்டுக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு தடவை கலந்தால் மங்கும். மங்கியதைக் கலந்தால் இன்னும் மங்கும். ஐந்து தடவை கலந்தபின் எழுத்து ஏது? ஜேபெக் வடிவமோ கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நுண்ணிய விபரங்களைக் கழித்துவிடுவது. மாற்றி மாற்றிச் சேமிக்குந்தோறும் அதன் பங்குக்கும் சிறிது போயிற்று.

முக்காற் பாகையை நான்கு தடவை திருப்பினாலும் 3 பாகையை ஒரு தடவை திருப்பினாலும் கோணம் ஒன்றே, படம் ஒன்றன்று. அதுபோலவே, 2 பாகை திருப்பிய படத்தை எதிர்ப்புறமாக 2 பாகை திருப்பினாற் பழைய படம் வந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். வராது. இருமுறை கலங்கிய படமே வரும். பிழை நேர்ந்தாற் செயலை மீளப்பெறும் கட்டளையைக் கொடுத்துப் பழைய நிலைக்குப் போகவேண்டும். எதிர்த்திசையிற் சுழற்றுதல் மருந்தாகாது. 90, 180, 270 பாகைகளுக்கு மாத்திரம் இத்தோஷம் இல்லை. அப்போது ஒவ்வொரு கட்டமும் இன்னொரு கட்டத்தின்மேற் சரியாகப் பொருந்துவதனாற் கலக்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆகவே திருப்புவது ஒருமுறைதான் என்றால், எத்தனை பாகை என்பதைத் திருப்புமுன்னரே அறிந்திருக்கவேண்டும். இங்கேதான் நம்மிற் பெரும்பாலார் கண்ணை நம்பி மோசம் போகின்றோம். சுட்டியாற் படத்தின் மூலையைப் பிடித்து அசைத்து அசைத்து, சரிபோலத் தெரியும் இடத்தில் விட்டுவிடுகின்றோம். 5,000 படப்புள்ளி அகலமான படத்தில் ஒரு பாகைப் பிழை, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் 87 படப்புள்ளி உயர வேறுபாட்டைத் தரும். பாகையிற் பத்திலொரு பங்கு ஏறத்தாழ 9 தரும். நூறிலொரு பங்கு ஒன்றுக்கும் குறைவு. அதனால் தசமத்துக்குப்பின் இரண்டு இலக்கம் போதுமானது. அதற்கு மேல் எண்ணுவது வீண் விசாரம்.

நான் பயின்ற மிஷன் கல்லூரியிலே கேத்திரகணிதம் படிப்பித்த ஆசிரியர், பாகைமானியை எடுக்குமுன் கோட்டை நீட்டுங்கள் என்பார். குறுங்கோட்டில் அளந்த கோணம் குருடன் கைப்பட்ட யானை என்பது அவருடைய பகிடி. அது இங்கே அப்படியே பொருந்தும். படத்தில் நேராக இருக்கவேண்டியது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கோட்டை, முடிந்தவரை நீளமானதாகத் தெரிந்தெடுங்கள். வாசிகசாலைப் படிக்கட்டின் விளிம்பென்று வைத்துக்கொள்வோம். இடமுனையிலிருந்து வலமுனை 2,400 படப்புள்ளி தூரம். அத்தூரத்துக்குள் விளிம்பு 47 படப்புள்ளி தாழ்கின்றது. 47ஐ 2,400ஆற் பிரித்தால் 0.0196. இந்த அளவைத் தாஞ்சனாகக் கொண்ட கோணம் 1.12 பாகை. படம் வலஞ்சுழியாக 1.12 பாகை சாய்ந்திருக்கின்றது; இடஞ்சுழியாக அவ்வளவு திருப்பினாற் போதும்.

கணக்கென்றால் அஞ்சுவோர் அஞ்சவேண்டியதில்லை. மென்பொருளே அளந்து தரும். போட்டோஷொப்பிலே ரூலர் என்னும் கருவி, நிறமெடுக்கும் கருவியின் அடியில் ஒளிந்திருக்கின்றது. அதனைக்கொண்டு படிக்கட்டின் விளிம்பின்மீது ஒரு கோடு இழுத்தால் மேற்பட்டையிற் கோணம் தோன்றும். அப்பட்டையிலேயே ஸ்ட்ரெயிட்டன் லேயர் என்னும் பொத்தானும் உண்டு. அழுத்தினால் அவ்வளவையே திருப்பிவிடும். காசு கொடுத்து வாங்கவேண்டாத கிம்ப் என்னும் மென்பொருளிலும், 2018ஆம் ஆண்டு வந்த 2.10.4 என்னும் பதிப்பு முதல் அளவைக் கருவியோடு இவ்வசதி சேர்ந்திருக்கின்றது. அன்றியும், கிம்பின் சுழற்றுக் கருவியில் திருத்தமுறை என்று ஒரு தெரிவு இருக்கின்றது. அதிற் படம் அசையாது. அதன்மேல் ஒரு கம்பிவலை தோன்றும். சாய்ந்த படிக்கட்டோடு வலையின் கம்பியைப் பொருத்திவிட்டால், படத்தை மறுபுறமாக அதே அளவுக்குத் திருப்பித் தரும். மாணவர்களாகிய நமக்கு இதுவே உகந்தது என்பது என் எண்ணம். களவாகப் பிரதி செய்த போட்டோஷொப்பைப் பாவிப்பதிலும், நேர்மையாகக் கிடைக்கும் கிம்பைப் பாவிப்பது மனத்துக்கும் நிம்மதி.

ஆனால் எக்கோடு மெய்யானது என்பதை மென்பொருள் சொல்லாது. அது நம் பொறுப்பு. மேசன் சுவர் கட்டும்போது தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் நம்புகின்றாரேயன்றிப் பக்கத்துச் சுவரை நம்புவதில்லை. பழைய படத்தின் ஓரத்தை நம்பலாமா? கையால் வெட்டிய ஓரம் கோணலாயிருக்கலாம். தூணை நம்பலாமா? படப்பெட்டியை அண்ணாந்து பிடித்து எடுத்திருந்தால் இடப்பக்கத் தூண்களும் வலப்பக்கத் தூண்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அது தூரநோக்கினால் வருவது. எவ்வளவு திருப்பினாலும் தீராது. ஒருபக்கத்தை நிமிர்த்தினால் மறுபக்கம் இன்னும் விழும். நான் ஐந்து தடவை திருப்பியதற்கு இதுவும் ஒரு காரணமென்று பின்னரே விளங்கிற்று. ஒரு தடவை இடத்தூணையும் மறுதடவை வலத்தூணையும் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்திருக்கின்றேன்! அத்தகைய படத்தில் நடுவிலுள்ள தூணை அளவுகோலாகக் கொள்ளவேண்டும். கடல் தெரியும் படமாயிற் கவலையில்லை. கடலும் வானும் சந்திக்கும் கோட்டைப்போல நம்பத்தக்கது வேறில்லை.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியிலே இடஞ்சுழியை நேர்க்கோணமென்றும் வலஞ்சுழியை மறைக்கோணமென்றும் படித்தோம். போட்டோஷொப்பிலே அது தலைகீழ். மணிக்கூட்டு முள் செல்லும் திசையே நேர். இடஞ்சுழியாகத் திருப்ப, எண்ணுக்கு முன் கழித்தற்குறி இடவேண்டும். கணிதத்தில் வல்ல நண்பர்களே இங்கு முதலில் தடுமாறுவர்.

இனிப் படலங்களைப் பற்றிக் கூறவேண்டும். லேயர் என்று வழங்கும் இவை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப் போன்றவை. அடித்தாளிற் படம், அதன்மேல் எழுத்து, அதன்மேற் சின்னம் என்று வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் திருப்பலாம். 1990இல் முதன்முதல் வெளிவந்த போட்டோஷொப்பில் இவ்வசதி இல்லை; 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே சேர்ந்தது. எழுத்துப் படலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விசைப்பலகையில் அடித்த எழுத்து, படப்புள்ளியாக மாற்றப்படும்வரை வடிவக்கணக்காகவே நிற்கின்றது. எத்தனை தடவை திருப்பினாலும் மங்காது. புகைப்படப் படலத்துக்கு அப்பாக்கியம் இயல்பாக இல்லை. ஆயினும் 2005இல் வந்த ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் என்னும் ஏற்பாட்டினால் அதற்கும் ஒரு காப்புக் கிடைத்தது. படலத்தை முதலில் அவ்வாறு மாற்றிவிட்டால், மூலப் படப்புள்ளிகள் உள்ளே பத்திரமாக இருக்கும். பத்துத் தடவை கோணத்தை மாற்றினாலும் ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்தே கணக்கிடும். அது செய்யாதவர்களும், சுழற்றும் பெட்டி திறந்திருக்கும்போதே கோணத்தை முடிவுசெய்துகொள்ளலாம். என்டர் விசையை அழுத்தும்வரை நாம் காண்பது வெறும் முன்காட்சி. அழுத்தியபின்னரே கலப்பு நிகழ்கின்றது.

கோணத்தைப் போலவே மையமும் முக்கியமானது. மலரின் அட்டைக்குத் தாமரைச் சின்னம் வரையும் பணியை இங்கேயிருக்கும் நண்பர் ஒருவர் ஏற்றார். ஒரேயொரு இதழை வரைந்து, பிரதி செய்து, சுற்றிவர அடுக்கலாமென்பது அவருடைய திட்டம். நல்ல திட்டமே. ஆனால் மென்பொருள் இதழின் நடுவையே மையமாகக் கொண்டு சுழற்றிற்று. இதழ் நின்ற இடத்திலேயே பம்பரமாடியதே தவிரத் தாமரையைச் சுற்றி வரவில்லை. சுழற்றுமையத்தைக் குறிக்கும் சிறு குறியை இதழின் அடிக்கு, அதாவது பூவின் நடுவுக்கு, நகர்த்தியபின்னரே பூ மலர்ந்தது. புதிய போட்டோஷொப்பிலே அக்குறி மறைந்திருக்கும்; மேற்பட்டையில் ஒரு சிறு பெட்டியைத் தெரிவு செய்தால் தோன்றும். கிம்பிலே மையத்தின் இடத்தை எண்ணாகவே எழுதலாம்.

பன்னிரண்டு இதழாயின் 30 பாகை, சிக்கலில்லை. நண்பரோ ஏழு இதழ் வேண்டுமென்றார். 360ஐ ஏழாற் பிரித்தால் 51.428 என்று முடிவின்றி ஓடுகின்றது. 51.4 என்று எழுதி, ஒவ்வொரு இதழையும் அதற்கு முந்திய இதழிலிருந்து திருப்பிக்கொண்டு போனால், ஏழு சுற்றின் முடிவில் 359.8 பாகைதான் வரும். மீதி 0.2 பாகை. நடுவிலிருந்து 1,500 படப்புள்ளி தள்ளிய இதழ்நுனியில் அது 5 படப்புள்ளி இடைவெளியாகத் தெரியும். ஏழாவது இதழோ முதலிதழிலும் மங்கலாயிருக்கும். அவ்வாறன்றி, முதலிதழிலிருந்தே 51.43, 102.86, 154.29 என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டுத் திருப்பினாற் பிழை ஓரிடத்திற் குவிவதில்லை. ஒவ்வோர் இதழும் ஒருமுறையே கலக்கப்படும். அட்டையில் நீங்கள் பார்க்கும் தாமரை அங்ஙனம் செய்ததே.

திருப்பிய படத்தின் மூலைகளில் வெற்றிடம் தோன்றுவதையும் பலர் கண்டிருப்பீர்கள். 3,000 அகலமும் 2,000 உயரமும் உள்ள படத்தை 1.12 பாகை திருப்பினால், முழுவதும் அடங்க ஏறத்தாழ 3,038க்கு 2,058 இடம் வேண்டும். ஓரத்தை வெட்டுவதா, வெற்றிடத்தை நிரப்புவதா என்பது அவரவர் விருப்பம். ஓரத்தில் ஒருவருடைய தோளோ பெயரோ இருந்தால் நான் வெட்டமாட்டேன்.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து அட்டையைக் கண்ணாடியின் ஓரத்தோடு சேர்த்து நேராக வைத்து, 600 புள்ளியில் எடுத்திருந்தால், இவ்வித்தைகளில் ஒன்றும் அன்று தேவைப்பட்டிராது. இப்பொழுது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றோம். ஸ்கானரிலிருந்து வந்த கோப்பை டிஃப் வடிவில், மூலம் என்ற பெயரோடு, இரண்டு இடத்தில் வைக்கின்றோம். அதனை எவரும் தொடுவதில்லை. திருப்புவது, வெட்டுவது, வெளுப்பது எல்லாம் பிரதியில்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகளும் அதனோடு போயின என்று இங்கிருக்கும் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். நான் அழித்ததற்குத் தீ வேண்டியிருக்கவில்லை. சேமி என்ற ஒரு சொல்லை ஐந்து தடவை அழுத்தினேன், அவ்வளவே.

பெரியவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். என்னைப் பக்கத்தில் இருத்தி, முகம் முகமாக விரலை வைத்து, இவர் இன்னார், இவர் இன்னாருடைய தமையன் என்று சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதினேன். இருபத்தொரு பெயர்கள் வந்தன. இரண்டு முகங்களில் விரல் நின்றுவிட்டது. "தெரிஞ்ச முகம், தம்பி. பேர்தான் வாயிலை வருகுதில்லை" என்றார்.

அப்படத்தின் பெரிய பிரதியொன்றை வாசலருகே மேசையில் வைத்திருக்கின்றேன். பின்வரிசையில் இடப்பக்கமிருந்து நான்காமவர், நெற்றியில் முடி விழுந்த இளைஞர்; பதினோராமவர், கையிற் குடை வைத்திருப்பவர். ஊர்ப் பெரியவர்களில் எவரேனும் இவர்களை அறிவீர்களாயின், தேநீர் அருந்தும் வேளையில் என்னிடம் கூறுமாறு வேண்டுகின்றேன். கொப்பியும் பேனாவும் கொண்டுவந்திருக்கின்றேன்.